முழங்கால் மூட்டுத் தேய்வு: காரணங்களும் தடுப்பும் – ஒரு சமூக மருத்துவ நோக்கு

"எலும்பு தேய்ந்துவிட்டது. வயது போனால் அப்படித்தான்." முழங்கால் நோவுடன் வைத்தியரை நாடிச் செல்லும் நம்மவருட் பலர் பெற்றுத் திரும்பும் விளக்கம் பெரும்பாலும் இவ்விரு வாக்கியங்களுள் அடங்கிவிடுகின்றது. முதலாவது வாக்கியம் நோயின் இயல்பைக் கூறுகின்றது. இரண்டாவது அதன் காரணத்தைக் கூறுகின்றது. இரண்டிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. எனினும் இவை இரண்டும் சேர்ந்து நோயாளியின் மனத்தில் உருவாக்கும் கருத்து பிழையானது மட்டுமன்றித் தீங்கானதுமாகும். தன் மூட்டினை வண்டிச் சக்கரத்தின் அச்சுப் போலத் தேய்ந்து முடியும் பொருளாகக் கருதும் ஒருவர், எஞ்சியதைக் காத்துக்கொள்ளும் நோக்கில் நடையைக் குறைக்கின்றார்; அதனாலேயே நோயை வளர்த்துக்கொள்கின்றார். வயதே காரணம் என ஏற்றுக்கொண்ட சமூகமோ, அம்மூட்டின் மீது நாற்பது ஆண்டுகளாக ஏற்றப்பட்ட சுமை யாது, ஏற்றியவர் யார் என்னும் வினாக்களை எழுப்புவதில்லை.

மூட்டுத் தேய்வு பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளாக நடைபெற்ற ஆய்வுகள் இவ்விரு வாக்கியங்களையும் மறுபரிசீலனை செய்யுமாறு நம்மை வேண்டுகின்றன. அவ்வாய்வுகளின் சாரத்தை எடுத்துக்கூறி, நோய்த் தடுப்பு என்பது தனிமனிதரின் கடமையாக மட்டும் நின்றுவிடாது சமூகத்தின் கடமையாகவும் அமைதல் வேண்டும் என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. 'வாதம்' என்னும் பொதுச்சொல்

நமது மரபில் மூட்டு நோவுகள் அனைத்தும் 'வாதம்' என்னும் ஒரு சொல்லாற் குறிக்கப்பட்டு வந்துள்ளன. சித்த மருத்துவ மரபு வாத நோய்களை எண்பதாக வகுத்தது. நவீன மருத்துவமும் மூட்டழற்சியில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளை இனங்காண்கின்றது. ஒரே இடத்தில் நோவு தோன்றினும் அதன் காரணங்கள் பலவாம் என்னும் உணர்வு இரு மரபுகளுக்கும் பொதுவானது. ஆனால் அன்றாட வழக்கில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. ஆகவே முழங்கால் மூட்டுத் தேய்வினை ஆராயுமுன் அதனோடு மயங்கத்தக்க ஏனைய நோய்களைச் சுருக்கமாகப் பிரித்துக்காட்டுதல் அவசியமாகின்றது.

முடக்குவாதம் என்பது உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் மூட்டுச் சவ்வினையே பகையெனக் கருதித் தாக்குவதால் உண்டாவது. கைவிரல்களின் சிறுமூட்டுகளில், பெரும்பாலும் இரு கைகளிலும் ஒருங்கே, இது தோன்றும். காலையில் எழுந்ததும் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பீடிக்கின்றது. புகைத்தல் இதற்கான ஆபத்தினைக் கூட்டுகின்றது. முதற் சில மாதங்களுள் மெதோற்றெக்சேற் போன்ற மருந்துகளைத் தொடங்கினால் மூட்டுகள் சிதையாது காக்கலாம்; தாமதித்தால் இழந்ததை மீட்டல் அரிது.

யூரிக் அமிலம் பளிங்குகளாக மூட்டில் படிவதால் வரும் கௌற் என்னும் நோய், பெரும்பாலும் கால் பெருவிரலில் நள்ளிரவிலே திடீரெனத் தொடங்குவது. சிறுவர்களைப் பீடிக்கும் வாதக் காய்ச்சல் ஒருவகைப் பற்றீரியாவினால் உண்டாகும் தொண்டை நோயைத் தொடர்ந்து வருவது. மூட்டு நோவு நீங்கிவிட்டாலும் இருதய வால்வுகளிற் பழுதினை விட்டுச்செல்லக் கூடியது. 1952–53 காலப்பகுதியில் இன்றைய தன்சானியாவில் முதன்முதல் இனங்காணப்பட்டு, 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் பெருமளவிற் பரவிய சிக்குன்குன்யா, நுளம்பினாற் காவப்படும் வைரசு நோயாகும். காய்ச்சல் தணிந்த பின்னரும் பல மாதங்கள் மூட்டு நோவு தொடர்ந்தமையை அக்காலத்தில் நம்முட் பலர் அனுபவித்தறிந்தோம். காய்ச்சலுடன் ஒரு மூட்டு மட்டும் சிவந்து, சூடேறி, வீங்கி, அசைக்கவும் இயலாதிருப்பின் அது மூட்டினுள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைய தினமே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

இவை யாவும் வேறு. இவற்றினின்றும் பிரிந்து நிற்பதும், இவையனைத்தையும் விடப் பரவலானதுமான நோயே மூட்டுத் தேய்வு எனப்படுவது. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 59 கோடியே 50 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோரிடம் நோயின் இருப்பிடம் முழங்காலாகும்.

2. மூட்டின் அமைப்பும் இயக்கமும்

முழங்காலில் தொடையென்பும் கணைக்காலென்பும் சந்திக்கின்றன. சந்திக்கும் முனைகளைக் கசியிழையம் மூடியிருக்கின்றது. பேச்சு வழக்கில் இதனைக் குருத்தெலும்பு என்பர். இது சில மில்லிமீற்றர் தடிப்பே உடையது. இதன் நிறையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீராகும். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார்களும், நீரைப் பற்றிவைத்திருக்கும் பெருமூலக்கூறுகளுமாம். இவற்றை ஆக்கிப் பேணும் கலங்கள் மிகச் சிலவே. உராய்வு மிகக் குறைந்த இத்தகைய பரப்பினை மனிதர் ஆக்கிய பொறிகளிற் காண்பது அரிது.

கசியிழையத்துக்கு இரு சிறப்பியல்புகள் உண்டு. நோயின் வரலாறு முழுவதும் இவ்விரண்டிலிருந்தே விளைகின்றது எனலாம்.

முதலாவது, அதற்குக் குருதிக் கலன்கள் இல்லை. காலடி ஊன்றப்படும்போது அது நசுங்கி நீரை வெளிவிடுகின்றது. காலடி உயர்த்தப்படும்போது மூட்டுறையிலுள்ள பாயியை மீண்டும் உறிஞ்சுகின்றது. அதன் உணவும் ஒட்சிசனும் பெரும்பாலும் இவ்வழியாகவே வந்துசேர்கின்றன. நீர் தோய்ந்த கடற்பஞ்சினைப் பிழிந்து விடுவது போன்ற செயல் இது. ஆகவே அசைவே அதன் ஊட்டமாகும்.

இரண்டாவது, அதற்கு நரம்புகளும் இல்லை. பழுது தொடங்கும் காலத்தில் நோவு தோன்றுவதில்லை. அடியிலுள்ள என்பும் சுற்றியுள்ள சவ்வும் பாதிக்கப்பட்ட பின்னரே நோவு வெளிப்படுகின்றது. நோவு தெரியும் நாளில் நோய் பல ஆண்டு வயதுடையதாயிருக்கும்.

பழுதுற்ற கசியிழையம் தானாக மீள வளர்வதில்லை என்பதை வில்லியம் ஹன்ரர் 1743ஆம் ஆண்டிலேயே லண்டனில் எடுத்துரைத்தார். 2016இல் டென்மார்க்கிலிருந்து வெளியான ஆய்வொன்று இதற்குப் புதிய ஆதாரம் வழங்கியது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடைபெற்ற அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்திற் பெருகிய காபன்-14 என்னும் தடயத்தைக் கசியிழையத்திலே தேடிய ஆய்வாளர், வளர்ந்தோரின் கசியிழையத்திலுள்ள கொலாஜன் பெரும்பாலும் இளமையில் அமைந்ததே எனக் கண்டனர். இளமையில் அமைந்த நாரினைக் கொண்டே வாழ்நாள் முழுவதும் நடக்கின்றோம். மூட்டு நோயின் தடுப்பு முதுமையிலன்றி இளமையிலேயே தொடங்கவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

3. 'தேய்வு' என்னும் சொல்லின் குறைபாடு

ஒன்றோடொன்று உராயும் இரு பொருள்கள் தேய்வதற்கும் மூட்டு சிதைவதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. மூட்டு உயிருள்ள உறுப்பு. அளவுக்கு மீறிய விசையினாலோ காயத்தினாலோ தாக்கப்பட்ட கசியிழையக் கலங்கள், தம்மைச் சூழ்ந்த இழையத்தை அரிக்கும் நொதியங்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. சிதைந்த துணுக்குகள் மூட்டுச் சவ்விலே மெல்லிய அழற்சியை உண்டாக்குகின்றன. அவ்வழற்சி மேலும் நொதியங்களைத் தூண்டுகின்றது. அடியிலுள்ள என்பு தடிக்கின்றது. ஓரங்களில் என்பு முளைகள் தோன்றுகின்றன. தொடையின் முன்புறத்திலுள்ள நாற்றலைத் தசை மெலிகின்றது. தசை மெலிய மூட்டின் மீது விழும் அதிர்ச்சி மேலும் கூடுகின்றது. இவ்வாறு மூட்டு முழுவதும் பங்குகொள்ளும் ஒரு நோய்ச் செயன்முறையையே நாம் 'தேய்வு' என்கின்றோம்.

மான்செஸ்ரர் நகரைச் சேர்ந்த கெல்கிறென், லோறன்ஸ் என்னும் இருவர் 1957இல் எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு இந்நோயை 0 முதல் 4 வரை தரப்படுத்தினர். அம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. எனினும் படத்திற் காணப்படும் மாற்றமும் நோயாளி உணரும் நோவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கடுமையான மாற்றமிருந்தும் நோவின்றி நடப்போர் உளர். சிறு மாற்றத்துடன் பெருநோவு அனுபவிப்போரும் உளர். ஆகவே படத்தைக் காட்டி "எல்லாம் தேய்ந்துவிட்டது" என அச்சுறுத்துதல் அறிவியற்பூர்வமானதன்று.

4. முதுமை, பரம்பரை, பருமன், காயம்

வயது கூடக்கூட நோயும் கூடுகின்றது என்பது மெய்யே. ஐம்பது வயதின் பின் பெண்களிடையே இது விரைந்து பெருகுகின்றது. இரட்டையரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் பரம்பரைக்கும் கணிசமான பங்கு உண்டெனக் காட்டியுள்ளன. ஆனால் வயதும் பரம்பரையும் மட்டுமே காரணங்களாயின், தலைமுறைக்குத் தலைமுறை, ஒத்த வயதினரிடையே நோயின் அளவு பெரிதும் மாறுபடலாகாது. உண்மையில் அது மாறியுள்ளது.

2017ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஐக்கிய அமெரிக்காவில் 2,500க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளின் முழங்கால்களை ஒப்பிட்டனர். என்போடு என்பு உராய்ந்து தந்தம் போலப் பளபளப்புற்ற பரப்பினையே நோயின் அடையாளமாகக் கொண்டனர். வரலாற்றுக்கு முற்பட்ட வேட்டுவரிடமும் ஆதி உழவரிடமும் நூற்றுக்கு 8 பேரிடமும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இறந்தோரில் நூற்றுக்கு 6 பேரிடமும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் இறந்தோரில் நூற்றுக்கு 16 பேரிடமும் அது காணப்பட்டது. நகரவாசிகளான பிந்திய இரு தொகுதியினரிடையே வயது, உடற்பருமன் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கணக்கிற்கொண்டு கழித்த பின்னரும், அண்மைக்காலத்தவரிடம் நோய் இரு மடங்குக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. ஓரிரு தலைமுறைகளில் மனித இனத்தின் பரம்பரையலகுகள் மாறிவிடுவதில்லை. மாறியது வாழ்க்கை முறையே.

உடற்பருமனின் பங்கு தெளிவாக நிறுவப்பட்டுள்ளது. சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மீது உடல் நிறையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை செயற்படுகின்றது. படியிறங்கும்போது அது மூன்றரை மடங்களவுக்கு உயர்கின்றது. உடல் நிறையில் ஒரு கிலோகிராம் குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காற் சுமை நான்கு கிலோகிராம் குறைகின்றதென 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஐந்து கிலோ குறைத்தவர் ஒவ்வோர் அடியிலும் இருபது கிலோச் சுமையை இறக்கிவைத்தவராகின்றார். மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள பிரேமிங்ஹாம் நகரில் நடைபெற்ற நீண்டகால ஆய்வின்படி, பத்தாண்டு காலத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோ நிறை குறைந்த பெண்களிடம் முழங்கால் நோய் தோன்றும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இது 1992இல் வெளியிடப்பட்டது. பருமன் சுமையால் மட்டும் தீங்கிழைப்பதில்லை; கொழுப்பிழையம் அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்களையும் சுரக்கின்றது. உடலைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனுள்ளோரிடம் நோய் கூடுதலாகக் காணப்படுவது இதனாலாகலாம்.

அடுத்தது காயம். விளையாட்டிலோ விபத்திலோ முழங்காலின் முன் குறுக்கிணையமோ பிறை வடிவக் கசியிழையமோ கிழிந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பத்து முதல் இருபது ஆண்டுகளில் மூட்டுத் தேய்வினை அடைகின்றனர். இருபது வயதில் பந்தாட்டக் களத்தில் விழுந்தவர் நாற்பது வயதில் நோயாளியாகின்றார். நமது நாட்டில் இதனோடு இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் ஒரு காலை இழந்தோர் பலர். செயற்கைக் கால் பொருத்தி நடப்போரிடம் எஞ்சிய காலின் முழங்கால் கூடுதற் சுமையைத் தாங்கி முன்கூட்டியே நோயுறுகின்றது என்பதைப் பிற நாட்டுப் போர்வீரர் பற்றிய ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. போர் முடிந்த பின்னும் அதன் பாரம் மூட்டுகளிலே தொடர்கின்றது.

5. உழைப்பும் முழங்காலும்

காரணங்களுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது தொழிலாகும். ஆயின் இது பற்றிய அறிவு புதியதன்று. மேலே குறிப்பிட்ட கெல்கிறெனும் லோறன்சும் தமது தரப்படுத்தலை வகுப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1952இல், லங்காசயர்ப் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய எக்ஸ்-கதிர் ஆய்வொன்றை வெளியிட்டனர். ஏறத்தாழ ஒரே வயதுடைய சுரங்கத் தொழிலாளரையும், பிற உடலுழைப்பாளரையும், அலுவலக ஊழியரையும் அவர்கள் ஒப்பிட்டனர். சுரங்கத் தொழிலாளரின் முழங்கால்களிலே நோய் மிகுந்து காணப்பட்டது. தாழ்ந்த சுரங்க வழிகளில் முழங்காலில் நின்றும் தவழ்ந்தும் கரி வெட்டியோர் அவர்கள்.

இவ்வறிவு சட்டமாகுவதற்கு எத்தனை காலம் சென்றது? பிரித்தானியாவில் நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் மூட்டுத் தேய்வு நட்டஈட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்றுக்கொள்ளப்பட்டது 2009ஆம் ஆண்டிலாகும். இடையிற் கழிந்தவை ஐம்பத்தேழு ஆண்டுகள். அதற்குள் பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டிருந்தன. 1952இல் எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு முழங்காலை நீட்டிய தலைமுறையிற் பெரும்பாலோர் மறைந்திருந்தனர். நாட்டின் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசெம்பரில் மூடப்பட்டது. அறிவு இல்லாமையால் அத்தொழிலாளர் உரிமை இழந்தனர் எனக் கூறமுடியாது. அறிவு மருத்துவச் சஞ்சிகைகளில் இருந்தது. அது உழைப்போரின் உரிமையாக மாறுவதற்குத்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

ஜேர்மனியும் அதே 2009இல் இந்நோயைத் தொழில் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரம், ஒரு வேலை முறைக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாக, முழங்காலில் நின்றோ அதனை ஒத்த நிலையிலோ வேலை செய்திருத்தல் வேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்ட அளவுகோலாகும். இவ்வளவுகோலை நமது நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம். வெங்காயத் தோட்டத்தில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் குந்தியிருந்து களை பிடுங்கும் ஒரு பெண், ஆண்டுக்கு 250 நாட்கள் வேலை செய்வாராயின், பதின்மூன்று ஆண்டுகளில் 13,000 மணி நேரத்தை எட்டிவிடுவார். இருபது வயதிலே தொடங்கியவருக்கு அப்பொழுது வயது முப்பத்து மூன்று. அவருடைய நோவினை 'வயது போனதால்' வந்ததெனக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

ஆசிய நாடுகளில் உழைப்போர் முழங்காலில் நிற்பதைவிடக் குந்தியிருப்பதே மிகுதி. பீஜிங் நகரின் அறுபது வயது கடந்தோரிடம், அவர்கள் இருபத்தைந்து வயதளவில் நாள்தோறும் எவ்வளவு நேரம் குந்தியிருந்தனர் என வினவி நடத்தப்பட்ட ஆய்வு 2004இல் வெளிவந்தது. நெடுநேரம் குந்தியிருந்தோரிடம் முழங்கால் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. பீஜிங் பெண்கள் பிரேமிங்ஹாம் பெண்களைவிட மெலிந்தவர்களாக இருந்தும் அவர்களிடையே முழங்கால் நோய் அதிகமாகவே இருந்தது. மறுபுறம், இடுப்பு மூட்டுத் தேய்வு சீனரிடையே மிக அரிதாக இருந்தது. ஆகவே குந்தியிருத்தல் என்னும் நம் மரபு முழுவதையும் தீயதெனத் தள்ளுதல் சரியன்று. சிறிது நேரம் குந்தி எழுதல் வேறு. கூலிக்காக மணிக்கணக்கில் எழ முடியாது குந்தியிருத்தல் வேறு.

மலையகத்தில் முதுகிலே கூடையைச் சுமந்து சரிவான மலைகளில் ஏறியிறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்களையும், நாளில் இருமுறை பல பனைகளில் ஏறியிறங்கும் சீவற்றொழிலாளரையும், வயலிற் குனிந்து நாற்று நடுவோரையும், மூடை சுமப்போரையும், நிலத்திற்கு ஓடு பதிப்போரையும் இவ்விடத்து நினைத்தல் வேண்டும். இத்தொழில்கள் மூட்டின் மீது ஏற்றும் சுமை ஆய்வுகள் சுட்டும் அதே வகையினதாகும். உடல் தேயும் தொழில்களைச் செய்வோர் யார், அத்தேய்வின் பயனை அனுபவிப்போர் யார் என்பதை நமது சமூக அமைப்பே தீர்மானிக்கின்றது. மூட்டு நோயின் பரவலுக்கும் வர்க்க, சாதி, பால் வேறுபாடுகளுக்கும் உள்ள தொடர்பினை மருத்துவர் மட்டுமன்றிச் சமூகவியலாளரும் ஆராய்தல் தகும்.

6. ஓய்வா, அசைவா?

உழைப்பு மூட்டினைச் சிதைக்குமாயின் ஓய்வே மருந்தாகும் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. முதுகுநாண் காயத்தினாற் கால்கள் செயலிழந்தோரின் முழங்காற் கசியிழையம் படிப்படியாக மெலிகின்றது. சுமையே இல்லாத மூட்டும் சீரழிகின்றது. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பொழுதுபோக்காக ஓடுவோரில் நூற்றுக்கு 3.5 பேரிடமும், ஓடாது இருப்போரில் நூற்றுக்கு 10.2 பேரிடமும், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுவோரில் நூற்றுக்கு 13.3 பேரிடமும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. மிகுந்த சுமையும் தீது, சுமையின்மையும் தீது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, உடலுக்கு மீளும் அவகாசம் தரும் அசைவே மூட்டினைக் காக்கின்றது. சுரங்கத் தொழிலாளரின் முழங்காலும் நாற்காலியில் அமர்ந்தே வாழும் நகரவாசியின் முழங்காலும் ஒரே நோயை அடைவதன் விளக்கம் இதுவே.

நோய் தோன்றிய பின்னரும் இவ்விதி பொருந்தும். டென்மார்க்கில் 2013இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில் நோயாளருக்கு நோயின் இயல்பு முதலில் விளக்கப்படுகின்றது. பின்னர் ஆறு வாரங்களில் பன்னிரண்டு உடற்பயிற்சி வகுப்புகள் நடத்தப்படுகின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. அதே 2013இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான, 454 பேர் பங்குபற்றிய ஆய்விலே, உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் ஒருங்கே பதினெட்டு மாதங்கள் கைக்கொண்டோரின் நோவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

7. விற்கப்படும் நிவாரணங்கள்

நடையும் பயிற்சியும் எவருக்கும் இலாபம் தருவன அல்ல. ஆகவே அவற்றுக்கு விளம்பரமும் இல்லை. விளம்பரம் பெற்றவை எவை, அவற்றின் பயன் யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். குளூக்கோசமீன் என்னும் குளிசையை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் உட்கொள்கின்றனர். 2006இல் ஐக்கிய அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில், மொத்தத்தில் அது வெறுங் குளிசையைவிட மேலானதாகக் காணப்படவில்லை. முழங்காலினுட் கருவியைச் செலுத்திக் கழுவிச் சுரண்டும் சத்திரசிகிச்சையை 2002இல் ஹூஸ்ரன் நகரில் 180 பேரிடம் சோதித்தனர். ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டனர். இரண்டாண்டுகள் சென்றும், உண்மையான சிகிச்சை பெற்றோர் இவர்களைவிட நலமடைந்திருக்கவில்லை. மூட்டினுள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஸ்டெரொயிட் ஊசி ஏற்றுதல் இரண்டாண்டு முடிவில் நோவைக் குறைக்கவில்லை. கசியிழைய இழப்பையே கூட்டியது என்பது 2017இல் தெரியவந்தது.

நோவு மாற்றும் குளிசைகளை மருத்துவ ஆலோசனையின்றி நெடுங்காலம் உட்கொள்வது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடாகும். பெயரும் உள்ளடக்கமும் குறிக்கப்படாத 'வாதக் குளிசை'களில் ஸ்டெரொயிட் கலந்திருந்தமை பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. நம் மரபில் நொச்சி ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் நோவுக்கும் விறைப்புக்கும் இதமளிப்பன. அவ்வளவில் அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. சிதைந்த கசியிழையத்தை அவை மீள வளர்க்கும் எனக் கூறுவதே தவறு. இறுதி நிலையடைந்த நோயாளருக்குச் செயற்கை மூட்டுப் பொருத்துதல் பெரும் வரப்பிரசாதமாகும். 1962இல் ஜோன் சாண்லி இடுப்பு மூட்டில் வெற்றிகண்ட பின்னர் முழங்காலுக்கும் அது விரிந்தது. எனினும் ஒரு சமூகத்தின் மூட்டு நோய்க் கொள்கை செயற்கை மூட்டிலிருந்து தொடங்கமுடியாது.

8. தடுப்பு முறைகள்

தனிமனிதர் செய்யக்கூடியவை சில. நாள்தோறும் அரை மணி நேரமளவில் நடத்தல். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டிச் சில வினாடிகள் நிறுத்தி இறக்குதல். கைகளை ஊன்றாது நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். இவை நாற்றலைத் தசையை வலுப்படுத்துவன. பயிற்சியின்போது சிறிது நோவு தோன்றுவது இயல்பே. மறுநாளைக்குள் அது முன்னைய அளவுக்குத் தணியுமாயின் பயிற்சி பொருத்தமானதெனக் கொள்ளலாம். உடல் நிறையைக் கட்டுப்படுத்தல் வேண்டும். காயமுற்ற முழங்காலைப் பத்தியத்தோடும் கட்டோடும் மட்டும் விட்டுவிடாது தசைப் பயிற்சி அளித்தல் வேண்டும். நோயுற்ற முதியோருக்கு வீட்டில் உயர்ந்த மலசலகூட இருக்கையும் படிகளிற் கைபிடியும் அமைத்தல் பேருதவியாகும்.

ஆனால் எட்டு மணி நேரம் மலையில் நின்று திரும்பும் பெண்ணிடம் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்குமாறு அறிவுரை கூறுவது நகைப்புக்கிடமானது. அவருக்குத் தேவை அறிவுரையன்று. வேலை நிலைமையின் மாற்றம். சர்வதேசத் தொழிலமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே, வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கத்தக்க உச்ச நிறை 55 கிலோகிராம் எனவும், பெண்களுக்கு அது கணிசமாகக் குறைதல் வேண்டும் எனவும் விதந்துரைத்தது. பறித்த கொழுந்தை அடிக்கடி நிறுத்தெடுத்துக் கூடையின் பாரத்தைக் குறைத்தல், சரிவுகளிற் படிகள் அமைத்தல், நீண்ட பிடியுள்ள களைக் கருவிகளையும் தாழ்ந்த இருக்கைகளையும் வழங்கல், குந்தியிருக்கும் வேலையையும் நின்று செய்யும் வேலையையும் மாற்றி மாற்றிப் பகிர்தல், இடையிடையே ஊதியத்தோடு கூடிய ஓய்வளித்தல் என்பன பெருஞ் செலவின்றிச் செய்யக்கூடியவை. பாடசாலை விளையாட்டுகளிலே தாவி இறங்கும் முறையையும் உடற்சமநிலையையும் பயிற்றுவித்தல் இளமைக் காயங்களைக் குறைக்கும். தொழிலாளரை வைத்தியசாலையில் பதியும்போது வயதோடு தொழிலையும், அதனைச் செய்த ஆண்டுகளையும் பதிவது இன்றியமையாதது. தொழில் பதியப்படாத இடத்தில் தொழில் நோய் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. முழங்கால் நோயினைத் தொழில் நோயாக ஏற்கும் வினாவினைத் தொழிற்சங்கங்களும் எழுப்புதல் வேண்டும்.

முடிவுரை

முழங்கால் மூட்டுத் தேய்வு முதுமையின் தவிர்க்கமுடியாத விதியன்று. வயதும் பரம்பரையும் அதற்கு இடமளிக்கின்றன. பருமனும் காயமும் உழைப்பின் கொடுமையும் அசைவற்ற வாழ்வும் அதனை விளைவிக்கின்றன. முன்னைய இரண்டும் நம் கைக்கு அப்பாற்பட்டவை. பின்னையவை யாவும் மனிதரால் ஆக்கப்பட்டவை; ஆகவே மனிதரால் மாற்றத்தக்கவை.

இதில் மொழிக்கும் ஒரு பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலே மருத்துவம் கற்பித்து, 'இரணவைத்தியம்' முதலிய நூல்களை வெளியிட்டார். மருத்துவ அறிவு மக்களின் மொழியிற் சென்றடைதல் வேண்டும் என்னும் நோக்கு அன்றே இங்கு வேரூன்றியது. 'தேய்வு' என்னும் சொல் வழக்கில் நிலைத்துவிட்டது. அதனை நீக்க நாம் முயலவில்லை. அச்சொல்லை நோயாளிக்குக் கூறுவோர் அதனோடு இன்னும் இரண்டினைச் சேர்த்துக் கூறுதல் வேண்டும்: மூட்டு அசைவினாலேயே ஊட்டம் பெறுவது; தாங்கமுடியாத சுமையை அதன்மேல் ஏற்றியது வயது மட்டுமன்று. இவ்விரண்டையும் அறிந்த நோயாளி நடக்க அஞ்சமாட்டார். தம் வேலை நிலைமை பற்றி வினவவும் அஞ்சமாட்டார். லங்காசயர்ச் சுரங்கத் தொழிலாளர் ஐம்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்களுக்கு நேர்ந்த தாமதம் நம் தோட்டங்களிலும் வயல்களிலும் உழைப்போருக்கு நேராது தடுக்கும் பொறுப்பு மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகிய துறைகளிற் பயில்வோர் அனைவருக்கும் உரியதாகும்.